அதே மூன்று மணி நேரம்தான்!
தேர்வறையில் பறக்கும் நேரம் வாசலில் மட்டும் நகர மறுப்பது ஏன்?

காலை மணி பத்தரை. மேற்கு டெல்லியின் ஜனக்புரியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பழகிப்போன காட்சி. பள்ளி வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அப்பாக்கள், சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மாக்கள். உள்ளே பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று ஜனக்புரியில் இருக்கிறது. ஆனால் பொதுத் தேர்வென்றால் வழக்கமாக வேறொரு பள்ளிக்குத்தான் போக வேண்டும். 10.15க்கு வினாத்தாள், படித்துப் பார்க்க 15 நிமிடம், 10.30 முதல் 1.30 வரை எழுத்து. முக்கியப் பாடங்கள் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் கணக்கு.

ஒரே மூன்று மணி நேரம். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி கழிவதில்லை. சிக்கலான கணக்கு ஒன்றை முடித்து நிமிரும் மாணவிக்கு, சுவர்க் கடிகாரத்தில் 20 நிமிடம் காணாமல் போயிருப்பது அதிர்ச்சி. வரிசைகளுக்கிடையே நடக்கும் கண்காணிப்பாளருக்கோ, முன்பு பார்த்ததிலிருந்து முள் ஐந்து நிமிடம்கூட நகரவில்லையே என்ற சலிப்பு. வாசலில் நிற்கும் தாய்க்கு அது ஒரு யுகம்.

கடிகாரம் யாருக்கும் பாரபட்சம் காட்டுவதில்லை. வித்தியாசம் கவனத்தில் இருக்கிறது. அதை மாதச் சம்பளத்தோடு ஒப்பிடலாம். ஒரு பக்கம் அதிகம் செலவானால் மறுபக்கம் கையைக் கடிக்கும். கணக்குப் போடுவதில் கவனம் முழுவதும் கரைந்தால், நேரம் ஓடுவதைக் கவனிக்க மிச்சம் இருப்பதில்லை. கவனிக்கப்படாத நிமிடங்கள் மனதின் கணக்கில் ஏறுவதில்லை. ஜனக்புரி மேற்கு மெட்ரோ நிலையத்தில் அறிவிப்புப் பலகையையே பார்த்து நிற்பவருக்கு மூன்று நிமிடம் நீளமாகவும், பேச்சில் மூழ்கியவருக்கு ஒன்றுமே இல்லாததாகவும் தோன்றுவது இதனால்தான்.

உளவியலாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஹிக்ஸ், மில்லர், கின்ஸ்போர்ன் ஆகிய மூவர் 1976ல் வெளியிட்ட ஆய்வில், சீட்டுக்கட்டைப் பிரிக்கும் வேலை தரப்பட்டது. சிலர் எல்லாச் சீட்டையும் ஒரே அடுக்காக வைத்தார்கள். சிலர் சிவப்பு, கறுப்பு என்று பிரித்தார்கள். மற்றவர்கள் நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்கப்படும் என்பது முன்பே தெரிந்தவர்களில், மூளைக்கு வேலை கூடக் கூட, குறைவான நேரமே ஆனதாகச் சொன்னார்கள். இத்தகைய 117 சோதனைகளை பிளாக், ஹான்காக், ஸக்காய் ஆகியோர் 2010ல் தொகுத்து ஆராய்ந்தபோதும் இதே முடிவுதான் கிடைத்தது.

அதில் ஒரு முரணும் உண்டு. நேரத்தைப் பற்றி முன்னறிவிப்பு இல்லாமல் பிறகு திடீரென்று கேட்டால், விடை தலைகீழாகத் திரும்புகிறது. உழைப்பு மிகுந்த பொழுதே நீளமானதாக நினைவில் நிற்கிறது. அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890லேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார்: அனுபவம் நிறைந்த பொழுது கழியும்போது குறுகும், திரும்பிப் பார்க்கும்போது நீளும். வெறுமையான பொழுதுக்கு இது நேர்மாறு.

சும்மா நடப்பதுபோல் தெரிந்தாலும் கண்காணிப்பாளரின் வேலை லேசானதல்ல. பிரிட்டனில் நார்மன் மாக்வொர்த் 1948ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. எண்களில்லாத கடிகாரம் போன்ற ஒன்றில் முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதை இரண்டு மணி நேரம் கவனிக்க வேண்டும். அரை மணியிலேயே பலருடைய கவனம் சரியத் தொடங்கிவிட்டது. எதுவும் நடக்காத இடத்தில் விழித்திருப்பதும் உழைப்புதான்.

மாணவர்களுக்கு இதில் உள்ள பாடம், மனக் கடிகாரத்தை நம்பக்கூடாது என்பது. அதுவும் நன்றாக எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அது அதிகம் ஏமாற்றும். 80 மதிப்பெண், 180 நிமிடம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம் வீதம் 160 நிமிடம். மீதி 20 நிமிடம் சரிபார்க்க. ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பத்து நிமிடம். ஒவ்வொரு பகுதியை முடித்ததும் கடிகாரத்தை ஒரு முறை பார்த்தால் போதும். அடிக்கடி பார்த்தால் கணக்குக்குரிய கவனம் அங்கே போய்விடும். வீட்டிலேயே கடிகாரம் வைத்து முழுத் தாளையும் எழுதிப் பழகினால் இது கைவரும்.

மணி 1.30. வாசல் திறக்கிறது. "நேரமே பத்தலம்மா" என்றபடி வருகிறாள் மகள். "எவ்வளவு நேரம்டி!" என்கிறாள் அம்மா. இருவர் சொல்வதும் உண்மை.