பிஞ்சு உதிர்ந்தால் யார் கண் பட்டது?

வாசலில் நாலு மிளகாய்ச் செடியும் இரண்டு வெண்டையும் வைக்காத தோட்டக் குடும்பம் உண்டா? செடி தளதளவென்று வளர்ந்து, பூவும் பூத்து, இனிக் காய் பறிக்கலாம் என்று இருக்கும்போது பூவும் பிஞ்சும் பொலபொலவென்று உதிர்ந்தால் மனம் என்ன பாடுபடும் என்பதைத் தாய்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1990-ஆம் ஆண்டில் எங்கள் லயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நான் நான்காம் ஆண்டு மாணவன். அம்மா பன்னிரண்டு மிளகாய்ச் செடிகள் வைத்திருந்தார். அப்பா கடையில் யூரியா வாங்கி வந்து வாரந்தோறும் கைநிறையப் போட்டார். செடிகள் இடுப்பளவு வளர்ந்தன. இலைகள் கரும்பச்சையாக மினுமினுத்தன. பூக்கள்தாம் நிற்கவில்லை. முந்தின நாள்தான் பக்கத்து வீட்டு அத்தை, "செடி என்னமா வளர்ந்திருக்கு!" என்று வியந்துவிட்டுப் போயிருந்தார். போதாதா? கண் பட்டுவிட்டது என்று அம்மா சுற்றிப் போட்டார். பேச்சு அத்தையின் காதுக்கு எட்டியது. இரண்டு வீட்டுக்கும் ஓராண்டுக்கு மேல் பேச்சு இல்லை.

பாட்டி மட்டும் வேறு சொன்னார். அவர் சிறுவயதைக் கரிசல் சீமையில், பருத்திக் காட்டில் கழித்தவர். "பருத்தியிலயும் இப்படித்தான்யா சப்பை கொட்டும். தழை ஏறிப்போனா காய் நிக்காது" என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் ஆசிரியராகி, பள்ளித் தோட்டப் பொறுப்பு என் தலையில் விழுந்து, நாலு புத்தகங்களைப் புரட்டிய பிறகே பாட்டி சொன்னது உண்மை என்று அறிந்தேன்.

பருத்தியைத் தோட்டப் பயிராக நம் நாட்டில் காண முடியாது. ஆனால் அதன் உறவுக்காரர்கள் நம் வாசலிலேயே இருக்கிறார்கள். வெண்டையும், 1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியும் பருத்தியின் குடும்பமே. பருத்தியின் மொட்டைத்தான் சப்பை என்பார்கள். நன்றாகப் பராமரித்த காட்டிலும் சப்பை, பிஞ்சுகளில் பாதிக்கு மேல் விழுந்துவிடும். பூ மலர்ந்த முதல் பத்துப் பதினைந்து நாள்தான் கண்டம். அதைத் தாண்டிய காய் பெரும்பாலும் தங்கிவிடும்.

காரணம் என்ன? இலைதான் செடியின் அடுப்படி. வெயிலைக் கொண்டு இலை ஆக்கும் சர்க்கரையைத்தான் காய்கள் உண்கின்றன. உலை சிறியது, பந்தியில் ஆள் அதிகம் என்றால், செடி சில பிஞ்சுகளைக் கைவிடுகிறது. காம்பின் அடியில் உள்ள மெல்லிய உயிரணுப் படலம் தளர்ந்து, பிஞ்சு தானே கழன்று விழுகிறது. 1963-இல் கலிபோர்னியாவில் அடிகாட் என்னும் அறிஞரின் குழுவினர், உதிர்வைத் தூண்டும் ஒரு பொருளை இளம் பருத்திக் காய்களிலிருந்தே பிரித்தெடுத்தனர். அப்சிசிக் அமிலம் என்று அதற்குப் பின்னர் பெயர் வந்தது. அது செடி தனக்குள் தானே உண்டாக்கிக்கொள்ளும் பொருள். அடுத்த வீட்டுக் கண்ணிலிருந்து வருவதன்று!

இனி உரத்துக்கு வருவோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. அது குறைந்தால் இலை வெளுக்கும், உணவு குறையும், பிஞ்சு உதிரும். மிகுந்தாலோ செடி இலையும் கிளையுமாக ஓடும். கீழ் இலைகளுக்கு வெயில் படாது. அவற்றை நம்பிய பிஞ்சுகள் பட்டினி கிடந்து விழும். இலை ஆக்கிய சர்க்கரை காய்க்குப் போய்ச் சேரச் சாம்பல்சத்து வேண்டும். போரான் என்னும் நுண்சத்து துளியளவு போதும். அதுவும் இல்லையென்றால் மகரந்தம் சரியாக முளைக்காமல் பூ உதிரும். மிளகாய்க்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

ஆகவே தாய்மார்களே, பூக்கும் காலத்தில் யூரியாவை மட்டும் கொட்டாதீர்கள். மூன்று சத்தும் உள்ள கலப்பு உரத்தைச் சிறிது சிறிதாக, தண்டை ஒட்டாமல் தள்ளிப் போடுங்கள். மக்கிய எரு நல்லது. விறகுச் சாம்பலில் சாம்பல்சத்து உண்டு. எப்போதாவது ஒரு பிடி தூவலாம். யூரியாவோடு கலந்து போட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். போரான் கொஞ்சம் மிகுந்தாலும் செடிக்கு நஞ்சு. வேரில் நீர் தேங்கினாலும், மண் காய்ந்தாலும் பிஞ்சு உதிரும். இலை சுருண்டிருந்தால் திருப்பிப் பாருங்கள், பூச்சி இருக்கலாம்.

இதையெல்லாம் அம்மாவிடம் நான் விளக்கியபோது, தோட்டம் விற்கப்பட்டு, அத்தை குடும்பம் எங்கோ பட்டணம் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

உங்கள் வீட்டில் பிஞ்சு உதிர்ந்தால் பக்கத்து வீட்டைப் பார்க்காதீர்கள். குனிந்து, செடியின் அடியைப் பாருங்கள்.