மொரிஸ் மைனர்: ஏற்றத்துக்கு ஒரு கணக்கு, இறக்கத்துக்கு ஒரு கணக்கு

திம்புள்ளப் பக்கம் பழைய மொரிஸ் மைனர் ஒன்று வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எவ்வளவு சொல்றாங்க?" என்பதைத்தான். அந்த இலக்கத்தைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். முதலில் எழுத வேண்டியவை வேறு இரண்டு: கார் நிற்கப்போகிற இடத்தில் ஆண்டுக்கு எவ்வளவு மழை, அது ஓடப்போகிற வீதி எத்தனை மீற்றர் இறங்குகிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மி.மீ.யைத் தாண்டும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீற்றரில். மழை தகரத்தைத் தின்னும், இறக்கம் பிரேக்கைத் தின்னும். எஞ்சின் மூன்றாம் இடம்தான். விற்கிறவரோ பொனட்டைத்தான் முதலில் திறப்பார்.

மைனர் 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினியை உருவாக்கியவரும் இவரே. மாதிரிக் கார் ஒடுங்கலாகத் தெரிகிறதென்று அதை நடுவாக அறுத்து, இரு பாதியையும் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளம். 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் தயாரித்தார்கள். இலங்கையில் தோட்டத் துரைமாரும் டொக்டர்மாரும் ஓட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியதும், இருக்கிற காரைத் திருத்தியே ஓட்ட வேண்டிய நிலை வந்தது. அந்தப் பழக்கம் தொழிலாகவும் வளர்ந்தது: 1990களில் தென்னிலங்கையில் மைனருக்கான தகர உறுப்புகளைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். ஆகவே பேர்ட்ஸ் கிடைக்குமா என்ற பயம் இந்தக் காருக்கு அவ்வளவாக வேண்டாம்.

எந்த எஞ்சின் என்பதற்கு மலைக்கணக்கு ஒன்று உண்டு. 1952இல் வந்த 803 சிசி எஞ்சின் 30 குதிரைவலு, 1956இன் 948 சிசி 37, 1962இன் 1,098 சிசி 48. இவை கடல் மட்டத்து அளவுகள். உயரம் 100 மீற்றர் கூடினால் ஏறக்குறைய 1 வீதம் வலு குறையும். 1,400 மீற்றரில் முறையே 26, 32, 41 என்று ஆகிவிடும். காரின் எடை சுமார் 780 கிலோ. ஆளுக்கு 65 கிலோ வீதம் நான்கு பேர் ஏறினால் 1,040 கிலோ. 26 குதிரை இதை லிந்துலை ஏற்றத்தில் இழுக்கும், ஆனால் பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடித்தே களைத்துப்போவார். என் தேர்வு 1,098. வலு மட்டும் காரணமல்ல. அதன் முன்பக்கப் பிரேக் ட்ரம் 8 அங்குலம். முந்தியவற்றுக்கு 7.

இனி காருக்குக் கீழே போவோம். மைனருக்குத் தனிச் சேசி கிடையாது. தரை, பக்கச் சில், குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. துரு அங்கேதான் குடியிருக்கும். பார்க்க வேண்டியவை: முன் இருக்கைகளுக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், ஜக் வைக்கும் இடம், பின் வில் பொருந்தும் தாங்கிகள், முன் சட்டக் கால்கள். ஒரு சிறிய ஸ்குரூ டிரைவரும் துணியில் சுற்றிய காந்தமும் கொண்டுபோனால் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பூச்சுக்குக் கீழே புட்டிதான். ஸ்குரூ டிரைவர் முனையால் குறுக்குச் சட்டத்தைக் குத்தும்போது 'டிங்' என்று கேட்டால் நல்லது. 'சொத்' என்று உள்ளே போனால் அந்தக் காரின் விலையைப் பற்றி இனிப் பேச்சே வேண்டாம்.

இன்னொரு சோதனை, விற்பவர் விரும்பாதது. முன் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை ஜக்கில் தூக்குங்கள். இப்போது கதவு இடுக்கினாலோ, மேலிருக்கும் இடைவெளி ஒடுங்கினாலோ சில் போய்விட்டது, கார் நடுவில் வளைகிறது. எஸ்டேட் வகையாகிய டிரவலர் என்றால் பின்பக்க மரச் சட்டத்தையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழகுக்காகப் பதித்த மரம் என்று பலர் நினைக்கிறார்கள். கூரையின் பாரத்தைத் தாங்குவதே அதுதான்.

ஏன் இவ்வளவு நேரம் துருவில் நிற்கிறேன் என்றால், கூலி அங்கேதான் ஓடுகிறது. எஞ்சினை இரண்டு பேர் ஒரே நாளில் கழற்றி இறக்கலாம். லேத் வேலையும் சேர்த்து ஒரு வாரம் என்று வையுங்கள்: 6 நாள், 2 பேர், 12 ஆள்நாள். தரை, இரு பக்கச் சில், குறுக்குச் சட்டம், வில் தாங்கி எல்லாம் மாற்ற 25 நாள் என்று வைத்தாலும் 50 ஆள்நாள், அதற்கு மேல் பெயின்ட். டிங்கரிங் பாஸ் "ரெண்டு கிழமையில முடிச்சுத் தாறேன்" என்றால் நான் இரண்டு மாதம் என்றே குறித்துக்கொள்வேன். எனவே தரை திடமாக இருந்து எஞ்சின் புகைகிற காரை வாங்கலாம். பளபளவென்று ஓடி, தரை உளுத்த காரை வாங்கக்கூடாது. சந்தையில் விலை நேர்மாறாகச் சொல்லப்படுகிறது. வாங்குகிறவருக்கு அது நல்லதே.

அடுத்தது இறக்கம். 1,040 கிலோ காரை நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு 670 மீற்றர் இறக்கினால் வெளிவரும் சக்தி 68 இலட்சம் ஜூல். 20 லிட்டர் தண்ணீரைக் குளிர் நிலையிலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். அந்த வெப்பம் காற்றிலும், கியரில் பிடித்தால் எஞ்சினிலும், மிச்சம் நான்கு ட்ரம்களிலும் போய்ச் சேர வேண்டும். டொட் 3 வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கையில் கொதிநிலை 205 பாகை, ஈரம் உறிஞ்சிய பின் 140. டொட் 4 என்றால் 230, 155. திம்புள்ளயின் மூடுபனிக் காற்றில் ஒயில் ஈரத்தை இழுக்காமல் இருக்காது. கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், பெடல் பலகையைத் தொடும். மைனருக்கு ஒற்றைச் சுற்று பிரேக் வேறு: ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சில்லின் பிரேக்கும் போகும், கையில் ஹேண்ட் பிரேக் மட்டும் மிஞ்சும்.

நானுஓயா ராதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20 அன்று பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பஸ்களுக்கும் கனரக வாகனங்களுக்கும் அந்த வீதி தடைசெய்யப்பட்டது. சிறிய கார் போகலாம். அதே ராதெல்லயில் ஏப்ரல் சீசனில் மலையேற்றக் கார்ப் பந்தயமும் நடக்கிறது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைப் பந்தயம் 1934இலிருந்து வருவது. "இது ரேஸ் ஏறின கார் தம்பி" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். ஏறியது தெரிகிறது. இறங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் பொனட்டுக்குள் இல்லை. டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கினால் சிறிய மூடி தெரியும். கண்ணில் படாததால் ஆண்டுக்கணக்காக யாரும் திறந்திருக்கமாட்டார்கள். ஒயில் தேநீர்ச் சாயத்தில் இருந்தால் அரை லிட்டர் புது ஒயிலுடன் மாஸ்டர் சிலிண்டர், சில்லுச் சிலிண்டர் றப்பர்கள், இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் விலைக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு முன் சில்லை ஜக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் அது பெயரிங். நிற்காவிட்டால் ட்ரனியன் திருகு தேய்ந்திருக்கிறது. 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்காத ட்ரனியன் ஒருநாள் கழன்று, சில்லை மட்காட்டுக்குள் மடித்துவிடும். வளைவில் அது நடந்தால் என்னவென்று மலைநாட்டுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கொம்பிரஷன் பார்த்தால் உயரத்தை மறக்காதீர்கள்: கொழும்பில் 150 பிஎஸ்ஐ காட்டும் எஞ்சின் ஹட்டனில் 128 அளவில்தான் காட்டும். அது பழுதல்ல. நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் பழுது. சூடேறிய பின் ஒயில் அழுத்தம் ஓட்டத்தில் 60, நின்ற நிலையில் 15 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். கறுப்புப் புகை வந்தால் உடனே பிஸ்டனைச் சந்தேகிக்க வேண்டாம். மேலே காற்று மெலிவு, எஸ்யூ கார்பரேட்டரின் அடி நட்டை ஆறில் ஒரு சுற்று மேலே திருகினால் பல வேளை தீரும். 1,500 மீற்றரில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதிக்கும் என்பதால் ரேடியேட்டரில் 7 பவுண்ட் மூடி சரியாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். 2002 ஜூனில் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. பழைய எஞ்சினின் எக்ஸோஸ்ட் வால்வு இருக்கைகள் அந்த ஈயத்தை நம்பியவை. 12 தவு (அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு) டபெட் இடைவெளி வைத்த சில நாளிலேயே ஒடுங்கினால், ஹெட்டைக் கழற்றி நான்கு கடின வளையம் போட வேண்டும். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே ஒயில் சொட்டுவது எல்லா மைனருக்கும் உள்ளதுதான்.

ஓட்டச் செலவு, ஆண்டுக்கு 5,000 கிலோமீற்றர் என்று வைத்து:

பெற்றோல், மலையில் லிட்டருக்கு 10 கி.மீ. வீதம் – 500 லிட்டர்
லிட்டர் 300 ரூபா என்றால் – 1,50,000 ரூபா
எஞ்சின் ஒயில், 3.7 லிட்டர் வீதம் இருமுறை – 7.4 லிட்டர்
கியர்பெட்டி, பின் அச்சு – 1.3, 0.85 லிட்டர்
பிரேக் ஒயில் – அரை லிட்டர்
முன்பக்கக் கிரீஸ் – 3 முறை

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளத்தில் பெற்றோலுக்கு மட்டும் 111 நாள் கொழுந்து பறிக்க வேண்டும். 2022 ஜூன் இறுதியில் ஒக்டேன் 92 லிட்டர் 470 ரூபா, சம்பளம் 1,000. அந்த விலையில் 235 நாள். அவ்வாண்டு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிடைத்தது வாரம் 20 லிட்டர், மைனருக்கு 200 கிலோமீற்றர். மாருதி 800 மலையில் 16 கி.மீ. கொடுத்தால் ஆண்டுக்கு 187 லிட்டர், 56,000 ரூபா மிச்சம். தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கவே கார் வேண்டும் என்பவருக்கு நான் மாருதியைத்தான் சொல்வேன். மைனர், ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் பூசிக்கொள்ளச் சம்மதிப்பவருக்கு.

டயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றால் 2016இன் 23ஆம் வாரம். பூ நன்றாக இருந்தாலும் 10 ஆண்டு றப்பரை ஈர வீதியில் நம்ப முடியாது. 14 அங்குல ஒடுங்கிய டயர் எல்லாக் கடையிலும் இருக்காது என்பதால் நான்கு டயரின் விலையையும் பேரத்தில் குறைத்துக் கேளுங்கள்.

கடைசியாகப் பத்திரம். ஈஎன், ஈஎல் போன்ற எழுத்துப் பலகைகள் பழையவை. 1957இலிருந்து சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது, அதற்கு எதிராகத் தார் பூசிய போராட்டம் 1958இல் நடந்தது. இன்று பலகையின் பழமைக்கே கூடுதல் விலை கேட்கிறார்கள். அதற்குப் பணம் கொடுப்பதற்கு முன், பதிவுப் புத்தகத்தின் எஞ்சின் இலக்கத்தைக் காரில் உள்ளதுடன் ஒப்பிடுங்கள். நிறைய மைனர்களில் நிசானின் ஏ12 எஞ்சின் ஏறியிருக்கிறது. ஓட்டத்துக்கு அது நல்ல மாற்றம்தான். ஆனால் புத்தகத்தில் பதியாவிட்டால் பெயர் மாற்றும் நாளில் அந்த அலைச்சல் உங்களுக்கு. புத்தகத்தில் உள்ள பெயர்காரர் வேறு, விற்கிறவர் வேறு, நடுவில் கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் மட்டும் என்றால், புத்தகத்தில் பதிவான உரிமையாளரை நேரில் பார்க்கும் வரை முற்பணம் கொடுக்காதீர்கள். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை என்பதையும் கேளுங்கள். நிலுவை யார் கட்டுவது என்று பேரத்தின்போதே எழுதி வாங்குங்கள்.