உங்களுக்குத் தெரியுமா? கப்பலுக்குள் ஒரு புகையில்லா அடுப்பு

★ விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கொலு பொம்மையின் முகம் வெளுப்பாக வருவதும் கருத்துப்போவதும் மண்ணில் மட்டும் இல்லை, எரிபொருளிலும் இருக்கிறது. நிலக்கரியிலும் கனத்த எண்ணெயிலும் உள்ள கந்தகம், மேலே பூசிய கிளேஸின் பளபளப்பைக் கெடுத்துவிடும். பாண்டங்களைப் புகையும் சாம்பலும் படாமல் மண் பெட்டிக்குள் வைத்துச் சுடும் வழக்கம் வந்தது இதுபோன்ற கேடுகளைத் தடுக்கத்தான். கப்பல் புகைபோக்கியிலிருந்து வருவதும் அதே கந்தகம்தான். ஆனால் கடலையும் துறைமுக ஊர்களையும் பெட்டிக்குள் வைத்து மூட முடியாதே! எரிபொருளைத்தான் மாற்ற வேண்டும்.

★ அப்படி மாற்றிக் காட்டிய கப்பலின் பெயர் ‘வைக்கிங் கிரேஸ்’. பின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டப்பட்டு, 2013 ஜனவரியில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. துர்க்குவுக்கும் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்கும் இடையே ஓடுகிறது. நீளம் 218 மீட்டர். 2,800 பேர் பயணம் செய்யலாம். திரவ இயற்கை எரிவாயுவில் (எல்.என்.ஜி.) ஓடிய உலகின் முதல் பெரிய பயணிகள் கப்பல் இதுதான். இதற்கு முன்னோடி, நார்வேயில் 2000-இல் ஓடத் தொடங்கிய ‘குளூத்ரா’ என்ற சிறிய கார் படகு.

★ நம் சமையல் சிலிண்டரில் இருப்பது எல்.என்.ஜி. அல்ல தெரியுமா? அது எல்.பி.ஜி.; புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. எல்.என்.ஜி. பெரும்பாலும் மீத்தேன், அதாவது மாட்டுத் தொழுவத்துச் சாண எரிவாயுவில் எரிகிற அதே வாயு. இதைத் திரவமாக்க மைனஸ் 162 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். அப்போது அதன் கொள்ளளவு ஏறக்குறைய 600-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கப்பலில் ஏற்றிச் செல்ல முடிவது இந்தச் சுருக்கத்தால்தான்.

★ அவ்வளவு குளிரைக் காக்கும் கலன்கள் நம் வீட்டு ஃபிளாஸ்க் போல இரட்டைச் சுவர் கொண்டவை. நடுவில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பெர்லைட் என்ற தூளை நிரப்புவது பரவலான முறை. பெர்லைட் ஒருவகை எரிமலைக் கண்ணாடி. உலையில் சூடேற்றினால் நெல் பொரிவதுபோலப் பொரிந்து பல மடங்கு உப்பும். குளிரைக் காக்கும் பொருளும் நெருப்பில் வெந்து பிறந்ததுதான் என்பது பீங்கான் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும் செய்தி.

★ வைக்கிங் கிரேஸின் பின்புறத் தளத்தில் தலா 200 கன மீட்டர் கொண்ட இரண்டு எரிவாயுக் கலன்கள் உள்ளன. எஞ்சினுக்குள் போகுமுன் திரவம் மீண்டும் வாயுவாக வேண்டுமல்லவா? அப்போது வெளிப்படும் குளிரை வீணாக்காமல் கப்பலின் ஏ.சி.க்குப் பயன்படுத்துகிறார்கள்.

★ பலன் என்ன? கப்பல் எண்ணெயோடு ஒப்பிட்டால், கந்தக ஆக்சைடும் கரித்துகளும் ஏறக்குறைய இல்லை. நைட்ரஜன் ஆக்சைடு சுமார் 85 சதவீதம் குறைகிறது. எரியும்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடும் 20 முதல் 25 சதவீதம் வரை குறைவு.

★ உலகக் கப்பல்களின் எரிபொருளில் 3.5 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம் என்றிருந்த விதி, 2020 ஜனவரி 1 முதல் 0.5 சதவீதமாக இறுகியது. வைக்கிங் கிரேஸ் ஓடும் பால்டிக் கடலிலோ 2015 முதலே 0.1 சதவீதம்தான்.

★ ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எஞ்சினில் எரியாமல் நழுவும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். கொஞ்சம் கசிந்தாலும் லாபம் கரைந்துவிடும். மூச்சுக்கு நல்லது என்று இந்த எரிபொருளைத் தயங்காமல் சொல்லலாம். பருவநிலைக்கும் நல்லது என்று சொல்ல, கசிவை அடைத்துக் காட்ட வேண்டும்.

★ இந்தியக் கிழக்குக் கரையின் முதல் எல்.என்.ஜி. முனையம் நம் எண்ணூரில்தான் இருக்கிறது. 2019-இல் திறக்கப்பட்டது, ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்திறன். அதே 2019-இல்தான் குஜராத்தின் மோர்பி ஓடு ஆலைகளில் நிலக்கரியை வாயுவாக்கும் உலைகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. சூளைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. பின்லாந்துக் கப்பலை ஓட்டும் வாயுவும் மோர்பி சூளையை எரிக்கும் வாயுவும் ஒன்றே. விருத்தாசலம் சூளைகளுக்கும் அது கட்டுப்படியாகும் விலையில் வந்து சேரவேண்டும்.

★ நம் பக்கத்து முயற்சிகளும் சளைத்தவை அல்ல. கேரளத்தின் வைக்கத்தில் 2017 முதல் ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றிச் செல்கிறது. கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்கலப் படகுகள் 2023-இல் ஓடத் தொடங்கின. கொச்சிக் கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய ஹைட்ரஜன் படகை, 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் தொடங்கி வைத்தது நம் தூத்துக்குடியிலிருந்து.

★ நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ என்ற பயணிகள் கப்பல் புறப்பட்டது. சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ அந்தத் தடத்துக்கு வந்தது. சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பயணம். வைக்கிங் கிரேஸ் ஒரு தடவைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அவ்வளவு தூரத்துக்குச் சாத்தியமானது இந்தச் சிறு தூரத்துக்கு முடியாததல்ல. இரு கரைத் தமிழர்களையும் இணைக்கும் இந்தத் தடத்துக்கு அடுத்த கப்பல் வாங்கும்போது, அது கந்தகப் புகை கக்காத கப்பலாக இருக்கட்டும் என்று இரு அரசுகளையும் கேட்டுக்கொள்கிறோம்.