உண்மைக்கு அஞ்சாத திருச்சபை



புனித லூக்கா, நிகழ்ந்தவற்றைத் தொடக்கமுதல் கருத்தாய் ஆராய்ந்த பின்னரே தமது நற்செய்தியை எழுதுவதாகத் தெயோபிலுவுக்கு அறிவிக்கின்றார். நமது விசுவாசம் வரலாற்றில் நிகழ்ந்த மீட்பின்மீது கட்டப்பட்டது. ஆகவே திருச்சபையின் வரலாற்றை நேர்மையுடன் ஆராய்வதும் ஓர் இறைபணியே. அப்பணியாளரைத் தாங்குவோர் யார்?

ஐக்கிய அமெரிக்காவில் ஜோன் கில்மரி ஷே (1824 - 1892) என்னும் பொதுநிலையினர் வாழ்ந்தார். பத்திரிகைத் தொழிலால் குடும்பத்தைக் காத்தபடியே, அந்நாட்டுக் கத்தோலிக்க திருச்சபையின் வரலாற்றை நான்கு பெருந்தொகுதிகளாக எழுதினார். முதற்தொகுதி 1886இல் வெளிவந்தது. நான்காவது வெளிவந்த ஆண்டிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார்.

இத்தகைய ஆய்வாளர்களை ஒன்றிணைக்க முன்னின்றவர் அருட்தந்தை பீட்டர் கில்டே. அவரது முயற்சியால் 1919 டிசம்பரில், ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் அமெரிக்க கத்தோலிக்க வரலாற்றுச் சங்கம் உதயமானது. அதன் முதலாவது தலைவர் லோரன்ஸ் பிளிக், காசநோயை ஒழிக்கப் பாடுபட்ட மருத்துவர். குருக்களும் பொதுநிலையினரும் தோளோடு தோள் நின்ற முயற்சி அது.

இச்சங்கம் ஆற்றும் உதவிகள் பல. 1915இல் தொடங்கப்பெற்ற கத்தோலிக்க வரலாற்று ஆய்விதழ் இதன் ஏடாகத் திகழ்கின்றது. ஆண்டு மாநாட்டில் ஆய்வாளர் தம் கட்டுரைகளை வாசித்து, சக அறிஞரின் திறனாய்வுக்கு உட்படுத்துகின்றனர். இளம் ஆய்வாளருக்குப் பயணச் செலவுக்கான உதவியும் கிடைக்கின்றது. சிறந்த வரலாற்று நூலுக்கு ஷேயின் பெயராலும், ஆய்விதழில் முதற் கட்டுரை எழுதும் புதியவருக்குக் கில்டேயின் பெயராலும் பரிசளிக்கப்படுகின்றது. கத்தோலிக்கரல்லாத ஆய்வாளரும் இதில் அங்கத்துவம் பெறலாம்.

'திருச்சபையின் குறைகளையும் எழுதினால் விசுவாசம் தளராதோ?' என்று நீங்கள் வினவக்கூடும். பேதுருவின் மறுதலிப்பை நான்கு நற்செய்திகளுமே மறைக்காமல் பதிந்துள்ளன அல்லவா? அதை அறிந்ததால் நாம் பேதுருவை வெறுக்கவில்லை. ஆண்டவரின் இரக்கத்தையே கண்டுகொண்டோம். வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை 1881இல் ஆய்வாளருக்குத் திறந்துவிட்ட பாப்பரசர் 13ஆம் சிங்கராயர், பொய்யுரைக்கத் துணியாமையும் உண்மையுரைக்க அஞ்சாமையும் வரலாற்றாசிரியரின் கடமைகள் என 1883இல் வலியுறுத்தினார். 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி, திருச்சபையின் பிள்ளைகள் இழைத்த தவறுகளுக்காகப் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். 2024 நவம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ், திருச்சபை வரலாற்றுக் கல்வியைப் புதுப்பிக்குமாறு தனி மடலே வரைந்தார்.

அன்பர்களே, போரும் இடப்பெயர்வும் நம்மிடமிருந்து எத்தனையோ ஏடுகளைப் பறித்துவிட்டன. எஞ்சியிருக்கும் திருமுழுக்குச் சான்றிதழ், பங்கின் பழைய விழா மலர், பாட்டனார் எழுதிய கடிதம் ஆகியவற்றைக் குப்பையென எறிந்துவிடாதீர்கள். நிழற்படங்களின் பின்புறம் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். முதியோர் சொல்வதைப் பிள்ளைகளைக்கொண்டு எழுதுவியுங்கள். நாளை நம் திருச்சபையின் வரலாற்றை எழுத வருபவருக்கு இன்று உங்கள் குடும்பம் செய்யக்கூடிய உதவி இதுவே. உண்மையின் ஆவியானவர் உங்களை வழிநடத்துவாராக.