சூலக நோயும் துயிற்கேடும்

நெடுநேரம் உறங்குவோரைச் சோம்பர் என இகழ்தல் உலக வழக்கு. இரவு முழுதும் படுக்கையிற் கிடந்தும் காலையிற் களைப்போடு எழும் பெண்ணுக்கும் அவ்விகழ்ச்சியே கிடைக்கின்றது. அக்களைப்பு உடல்நோயின் விளைவாயிருத்தலும் உண்டு. பல்பைச் சூலக நோய் அதற்குச் சான்றாகும்.

சிக்காக்கோ நகர மருத்துவர்களாகிய ஸ்ரைன், லெவந்தால் என்போர் 1935 ஆம் ஆண்டில் இந்நோயை விரித்துரைத்தனர். மாதவிலக்கு ஒழுங்கு தவறுதல், முகத்தில் உரோமம் மிகுதல், சூலகத்தில் முதிராத சிறு பைகள் பல காணப்படுதல் என்பன இதன் குறிகளாம். பிள்ளைப்பேற்றுப் பருவத்துப் பெண்களுள் நூற்றுக்கு 10 முதல் 13 பேர் வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

பெயர் சூலகத்தைச் சுட்டினும் நோய் அங்கு மட்டும் அடங்குவதன்று. இன்சுலின் தன் தொழிலைச் செவ்வனே ஆற்றாமையும் ஆண்பால் ஓமோன்கள் மிகுதலும் உடல் முழுவதையும் தாக்குவன. துயிலும் அதற்கு விலக்கன்று. மனக்கவலை மிகுதலால் உறக்கம் வாராது வருந்துவோர் ஒருசாரார். உறங்கியும் பயன்பெறாதார் மற்றொரு சாரார். இவர்கள் துயிலும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழியை அடைக்கின்றன. மூச்சுச் சிறிது நேரம் தடைப்பட, குருதியில் ஒட்சிசன் குறைகின்றது. உடனே மூளை உடலைத் தட்டியெழுப்புகின்றது. ஓரிரவிற் பலமுறை இவ்வாறு நிகழினும் துயில்பவள் அதனை அறியாள். உரத்த குறட்டையும், காலைத் தலைவலியும், பகலுறக்கமுமே புறத்தே தோன்றும்.

உடற்பருமன் ஒன்றே இதற்குக் காரணம் எனக் கூறி அமைதல் பொருந்தாது. ஒத்த வயதும் நிறையுமுடைய ஏனைய பெண்களிலும் இந்நோயுடையாரிடத்தே மூச்சுத்தடை மிகுந்திருத்தலை 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. மூச்சைத் தூண்டவல்ல புரோஜெஸ்தரோன் குறைந்திருத்தலும் ஒரு காரணமாகலாம். துயில் கெடவே இன்சுலினின் ஆற்றல் மேலும் குன்றும். இவ்வாறு நோய் துயிலைக் கெடுக்க, துயிற்கேடு நோயை வளர்க்கின்றது.

இச்சுழலைத் தளர்த்தல் இயலும். முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவியை 8 வாரம் பயன்படுத்திய இளம் பெண்களிடத்தே இன்சுலினின் செயல் ஓரளவு சீர்பெற்றதைச் சிக்காக்கோப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கருவியை இரவில் நீண்டநேரம் அணிந்தோர் மிகுந்த பயன் பெற்றனர்.

ஆதலின், இந்நோயுடைய பெண் மெலிந்தவளாயினும் பருத்தவளாயினும், குறட்டையையும் பகற்களைப்பையும் வைத்தியரிடம் மறையாது கூறல் வேண்டும். வைத்தியரும் அவற்றைக் கேட்டறிதல் வேண்டும் என்பதே 2023 ஆம் ஆண்டின் அனைத்துலக மருத்துவ வழிகாட்டியின் கருத்து. வீட்டார் செய்யத்தக்க முதலுதவி, அவளைச் சோம்பேறி என்னாமையே.