புது வீட்டைத் தட்டிப் பார்ப்பவர்கள்

தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். மண்பானையைச் சுண்டிப் பார்க்கிறோம். ஆயுள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் அடுக்குமாடி வீட்டை மட்டும், பெயின்ட் வாசனையோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்கிறோம்.

அந்தத் தட்டிப் பார்க்கும் வேலையைக் கட்டணத்துக்குச் செய்து தருபவர்கள் இப்போது நம் பெருநகரங்களில் இருக்கிறார்கள். 'ஹோம் இன்ஸ்பெக்‌ஷன்' என்று பெயர். பையில் பாதி கொத்தனார் சாமான்தான்: ரசமட்டம், தூக்குகுண்டு, டேப். மீதி மின்னணுக் கருவிகள்.

முதலில் தரை. நுனியில் உருண்டை வைத்த கம்பியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போவார்கள். அடியில் கலவை முழுக்கப் பரவியிருந்தால் 'டொக்' என்று அடங்கிய ஓசை வரும். நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் அப்பி ஒட்டியிருந்தால் மிச்ச இடமெல்லாம் வெறும் காற்று. தாங்கல் இல்லாத தகடு மேளத்தோல் போல அதிர்ந்து 'டொங்' என்னும். பின்னாளில் காஸ் சிலிண்டரை நங்கென்று இறக்கும்போது விரிசல் விடக்கூடியது அதுதான். இதற்குக் கருவியே வேண்டாம், ஒரு ரூபாய் நாணயம் போதும்.

சுவருக்குத் தெர்மல் கேமரா. பானைத் தண்ணீர் குளிரும் அதே கதைதான்: ஈரம் ஆவியாகும்போது சுவரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, அந்த இடம் திரையில் நீலத் திட்டாகத் தெரிகிறது. ஆனால் கேமராவுக்குத் தெரிவது வெப்பம் மட்டுமே, தண்ணீர் அல்ல. ஏ.சி. காற்று படும் சுவரும் நீலமாகத்தான் இருக்கும். அதனால் இரண்டு ஊசி வைத்த ஈரமானியைச் சுவரில் அழுத்திச் சரிபார்ப்பார்கள். ஈரப் பூச்சில் மின்சாரம் சுலபமாகப் பாயும்.

குளியலறைச் சோதனைக்கு ஈடு வேறில்லை என்பேன். வடிகுழாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட வேண்டும். பிறகு கீழ்வீட்டுக்குப் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். "அதுக்கெல்லாம் நேரமில்லை சார்" என்று பில்டரின் ஆள் இழுத்தால், அவசியம் செய்யுங்கள்.

மின்பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் உடனே விழ வேண்டும். அது அந்தக் கருவிக்கான சோதனை மட்டுமே. பிளக்கில் எர்த் கம்பி இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கண்ட குறைகளைத் தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையை, 30 நாளில், காசு வாங்காமல் சரிசெய்து தருவது பில்டரின் பொறுப்பு.