ஸ்டென்ட்டின் விலையும் நோயாளியின் நிலையும்

நெஞ்சுவலியுடன் சிகிச்சை மேசையில் கிடத்தப்பட்டிருக்கும் நோயாளி பேரம் பேசுவதில்லை. வெளியே காத்திருக்கும் மனைவியோ மகனோ நீட்டப்படும் பத்திரத்தில் ஒப்பமிடுவதைத் தவிர வேறு வழியறியார். அடைபட்ட இருதய நாடியைத் திறந்து வைத்திருக்கும் 'ஸ்டென்ட்' எனும் சிறு உலோக வலைக்குழாய் இந்தியாவில் நீண்டகாலமாக இவ்வாறான தருணங்களிலேயே விற்பனையாகி வந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்குச் சராசரியாக 1,20,000 இந்திய ரூபாவுக்கு மேல் அறவிடப்பட்டது.

ஆனால், மத்திய அரச ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டம் தான் மீளச் செலுத்தும் தொகைக்கு இதைவிட மிகக் குறைந்த எல்லையொன்றை வகுத்திருந்தது. செலுத்துபவர் யார் என்பதே விலையைத் தீர்மானித்தது எனலாம்.

காரணம் விளங்காததல்ல. உபகரணத்தைத் தெரிவு செய்பவர் வைத்தியர். பணம் கொடுப்பவர் நோயாளி. எனவே கம்பனிகளிடையேயான போட்டி விலையைக் குறைப்பதில் அல்லாது, வைத்தியசாலைக்கு எஞ்சும் இலாபத்தைக் கூட்டுவதிலேயே நிகழ்ந்தது. சில சந்தர்ப்பங்களில் இவ்விலாபம் 600 வீதத்தையும் தாண்டியமையை இந்திய மருந்து விலை நிர்ணய அதிகார சபையே வெளிப்படுத்தியது.

டில்லி மேல் நீதிமன்றில் வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கின் பின்னர், 2016 ஜூலையில் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2017 பெப்ரவரியில் மருந்து பூசியவற்றுக்கு 29,600 ரூபாவும் சாதாரண உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாவும் உச்ச விலையாக விதிக்கப்பட்டன. அவ்வாண்டு ஓகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் வரம்பு வந்தது. இவ்விலையில் புதிய தொழில்நுட்பத்தை வழங்க இயலாதென உற்பத்தியாளர் சிலர் முறையிட்டனர். அவ்வாதம் முற்றாகப் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும், இலாபத்தின் பெரும்பகுதி ஆய்வுகூடத்துக்கன்றி இடைத்தரகருக்கும் வைத்தியசாலைக்குமே சென்றது என்பதையும் மறத்தலாகாது. மேலும், வைத்தியர் கட்டணமும் அறை வாடகையும் இவ்வாணைக்குள் அடங்கவில்லை. ஓரிடத்தில் இழந்ததை வேறோரிடத்தில் ஈடுசெய்ய வழி திறந்தே கிடந்தது.

எமது நாட்டில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமே. ஆயினும், முறைவரும் வரை காத்திருக்க இயலாதோர் நகையை அடகு வைத்தோ, கோயில், பள்ளிவாசல் வாயிலாக நிதி திரட்டியோ தனியார் வைத்தியசாலைகளை நாடுகின்றனர். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளுடன் மருத்துவ உபகரணங்களையும் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் கீழ்க் கொண்டுவந்துள்ளது. அவ்வதிகார சபை இந்திய ஆணையின் அதிகம் பேசப்படாத ஒரு நிபந்தனையைக் கவனத்திற்கொள்ள வேண்டும்: ஸ்டென்ட்டின் விலை, வணிகப் பெயர், தயாரிப்பாளர், தொகுதி இலக்கம் ஆகியவற்றைச் சிட்டையில் தனித்தனியே குறிப்பிடுமாறு அங்கு வைத்தியசாலைகள் பணிக்கப்பட்டன.